வந்து சேராத கார்கள்

காரிமங்கலத்துக்கு வடக்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே, ஐந்தாறு வருடமாக மூடிக் கிடந்த மாம்பழக் கூழ் ஆலை ஒன்று இருந்தது. போன வருடம் ஆனி மாதத்தில் அதன் பெரிய கூடத்தில் முப்பத்தெட்டு வெளிநாட்டுக் கார்கள் வந்து இறங்கின. அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தேவிப்பிரியாவை வேலைக்கு எடுத்தார்கள்.

அவளுக்கு இருபத்தேழு வயது. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னைப் பக்கம் ஒரு கார் ஆலையில் இரண்டு வருடம் ஒப்பந்த வேலையில் இருந்தாள். அங்கே அவளுக்கு விதித்தது வலது முன்சக்கரத்தில் ஐந்து போல்ட்டுகளை முடுக்குவது. நிமிடத்துக்கு ஒரு கார் வரும், போகும். எந்தக் காரையும் அவள் முழுதாகப் பார்த்ததில்லை.

கார்களை இறக்குமதி செய்த பெங்களூர்க் கம்பெனியின் மேனேஜர் அறிவழகன் முதல் நாளே அவளைக் கூடத்துக்குள் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். இவை ஐரோப்பாவில் செய்து, கப்பலில் சென்னைக்கு வந்தவை. முழுதாகச் செய்து முடித்த காரைக் கொண்டுவந்தால் அதன் விலை அளவுக்கும் அதற்கு மேல் கொஞ்சமும் வரி கட்ட வேண்டும். ஐம்பது லட்சத்துக் கார் ஒரு கோடியைத் தாண்டிவிடும். டெல்லியில் ஐரோப்பாக்காரர்களோடு பேச்சு நடக்கிறது. கையெழுத்தானால் வரி பாதிக்கும் கீழே இறங்கும் என்கிறார்கள். அதுவரை சுங்க இலாகா அனுமதித்த கிடங்கில் வைத்திருந்தால் வரி கட்ட வேண்டியதில்லை. இந்தக் கூடத்துக்கு அந்த அனுமதி வாங்கியிருக்கிறது.

“சட்டப்படி பாத்தா இந்த வண்டிங்க இன்னும் இந்தியாவுக்குள்ளயே வரலைங்க,” என்றார் அறிவழகன். “வரி கட்டுற அன்னைக்குத்தான் வந்ததா அர்த்தம்.”

தேவிப்பிரியா குனிந்து தரையைப் பார்த்தாள். பழைய சிமெண்டுத் தரை. அங்கங்கே மாம்பழக் கறை மஞ்சளாக ஊறிப்போயிருந்தது.

கூரைத் தகரங்களுக்கு நடுநடுவே வெளிச்சம் இறங்குவதற்காகப் பால்நிறத் தகடுகள் வைத்திருந்தார்கள். வெளியே எத்தனை வெயில் அடித்தாலும் உள்ளே விடிகாலை மாதிரியே இருக்கும். வெள்ளை உறை போர்த்திய கார்கள் நாலு வரிசையாகத் தூங்கின. அவள் காலையில் ஒன்பது மணிக்குப் போய்ப் பக்கத்துக் கதவைத் திறப்பாள். வெப்பம் ஏற ஏறத் தரையிலிருந்து மாம்பழ வாசனை எழும்பும். ஆலை மூடி இத்தனை வருடமாகியும் அது போகவில்லை. புதுத் தோலின் வாசனையும் அதுவும் கலந்து, மதியத்தில் தலை லேசாகக் கிறங்கும்.

ஒரு நாளைக்கு ஆறு கார்கள் என்று அவள் கணக்கு வைத்துக்கொண்டாள். உறையை மடித்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி பார்த்து, டயரில் காற்று பார்த்து, காரை ஒரு ஜாண் முன்னால் நகர்த்துவாள். அடுத்த முறை ஒரு ஜாண் பின்னால். ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடும். அதற்கு மேல் ஓட்ட அனுமதி கிடையாது.

எஞ்சின் ஓடும் பத்து நிமிடமும் அவள் உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். கதவைச் சாத்தினால் உலகத்தின் சத்தம் நின்றுபோகும். திரையில் கடிகாரம் வரும். அது ஐரோப்பாவின் நேரம், யாரும் மாற்றவில்லை. இங்கே பத்தரை ஆகும்போது அங்கே ஏழு. வரைபடத்தில் இந்தியா இல்லை. வெறும் சாம்பல் வெளியில் ஒரு சின்ன அம்புக்குறி, எந்தத் தெருவும் ஊரும் இல்லாமல் நிற்கும். அந்த ஏழு மணியில் அங்கே யார் எழுந்திருப்பார்கள், எந்த ஜன்னலைத் திறப்பார்கள், இந்த இருக்கையைத் தைத்தவள் இப்போது பஸ்ஸுக்கு நிற்பாளோ என்று அவள் நினைத்துக்கொண்டே இருப்பாள். பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தால் வெளியே காவலாளி மாதையன் ரேடியோவில் ஏதோ விளம்பரம் கேட்டுக்கொண்டிருப்பார்.

கூடத்துக்குள் போக மூன்று பேருக்குத்தான் பதிவு: அவள், மாதையன், அறிவழகன். மாதம் ஒருமுறை சேலத்திலிருந்து சுங்க அதிகாரி சசிகலா வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார்.

தேவிப்பிரியாவின் கணவன் கலைவாணனுக்கு ஓசூரில் வேலை. கார்களுக்குக் கதவுக் கீல் செய்யும் ஆலை. காரிமங்கலம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் ஏறிப் போய் வருவான். கல்யாணமாகி இரண்டு வருடம். நிதானமானவன், ஆனால் தொழிற்சங்கக் கமிட்டியில் இருந்ததால் மேடையில் பேசப் பழகியிருந்தான். அந்த வருடம் சங்கம் முழுக்க ஒரே பேச்சுத்தான். வெளிநாட்டுக் காருக்கு வரியைக் குறைத்தால் உள்ளூர்க் கார் விற்பது குறையும், அது குறைந்தால் கீல் யாருக்கு வேண்டும்? டெல்லிக்கு மனுப் போயிற்று. எல்லாக் கட்சிக்காரர்களும் ஓசூர் ஆலை வாசலில் வந்து நின்று, உள்நாட்டு உற்பத்தியை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டில் அதை அவர்கள் சண்டையாக்கவில்லை. அவன் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அன்றைய கூட்டத்தைப் பற்றிச் சொல்வான். அவள் அடுப்பில் போட்டு எடுத்துக்கொண்டே, கரும்பச்சை நிறத்து இருபத்தோராம் கார் எஞ்சின் நின்றபிறகும் ஒரு பெருமூச்சு விடுகிறது என்று சொல்வாள். ஒருநாள் அவன் சிரித்துக்கொண்டே கேட்டான், “உன் வண்டிங்க எல்லாம் வெளிய வந்துட்டா எங்க லைன் நின்னுடும். அப்ப எனக்குச் சோறு போடுவியா?”

“வெளிய வந்துட்டா எனக்கு மட்டும் அங்க என்னா வேலை?” என்றாள் அவள்.

அதுவரை அவன் அதை யோசித்ததில்லை. டெல்லியில் ஒன்றும் முடிவாகாமல் இருக்கும்வரைதான் இருவருக்கும் வேலை என்று இரண்டு பேருக்கும் அன்றுதான் தெரிந்தது. அதன்பிறகு செய்தியில் ‘பேச்சுவார்த்தை நீடிக்கிறது’ என்று வந்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தக் கார்களுக்காகக் காத்திருந்த இன்னொருவர் முனியப்பன். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். கரும்பச்சைக் காரை அவர் பெங்களூரில் படத்தில் பார்த்து முன்பதிவு செய்திருந்தார். வரி இறங்கினால் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வாரம் ஒருதடவை பைக்கில் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். உள்ளே விட முடியாது என்று தேவிப்பிரியா முதல் நாளே மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லியிருந்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கார் எப்படி இருக்கிறது என்று, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினரைப் பற்றிக் கேட்பதுபோல விசாரிப்பார். அவருடைய தக்காளி காலையில் நாற்பது ரூபாய்க்கு ஏலம் போனால் மதியத்தில் பதினைந்துக்கு இறங்கிவிடும். ஒரு விலை இறங்க இத்தனை மாதம் பிடிக்கும் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை ஆலைக்குப் பின்னால் ஓடிய ஓடை கரையை உடைத்தது. தேவிப்பிரியா போய்ச் சேர்ந்தபோது பின்சுவர்க் கதவின் அடியில் செந்தண்ணீர் புகுந்து, பின் இரண்டு வரிசைகளில் பதினாலு கார்களின் டயரைத் தொட்டுவிட்டிருந்தது. அறிவழகனுக்குப் போன் போட்டாள். கிடைக்கவில்லை. சேலத்து அலுவலகத்திலும் யாரும் எடுக்கவில்லை. மாதையனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு மண் மூட்டையைத் தூக்கி வைத்ததுமே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

கலைவாணனுக்கு அன்று வாராந்திர விடுப்பு. அவள் போன் செய்த கால் மணி நேரத்தில், தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நனைந்தபடி வந்து நின்றான். கேட்டருகே வந்ததும் தயங்கினான்.

“நான் உள்ள வரலாமா?”

“வரக் கூடாதுதான்,” என்றாள். “வாங்க.”

ஒன்றரை மணி நேரம் வேலை நடந்தது. அவன் மூட்டைகளைச் சுமந்து கதவடியில் அடுக்கினான். அவள் ஒவ்வொரு காராக உறையை உருவி எறிந்து, ஏறி உட்கார்ந்து, கூடத்தின் மேட்டுப் பக்கமாக ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினாள். கலைவாணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. எட்டு வருடமாகக் கதவுக் கீல் செய்கிறவன் ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை. அவன் தண்ணீருக்குள் நின்று கையை ஆட்டி வழி காட்டினான். பால்வெளிச்சத்தில், மழையின் இரைச்சலுக்குள், விளக்குகள் எரியக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவனைத் தாண்டிப் போயின. எல்லாவற்றிலும் அவனுடைய மனைவியே உட்கார்ந்திருந்தாள். பதினாலாவது காரும் மேடேறியபோது தண்ணீர் உள்ளே வருவது நின்றுவிட்டது.

அது கரும்பச்சைக் கார். கதவடியில் சேறு தெறித்திருந்தது. அவள் இறங்கிப்போய்த் துணி கொண்டு வருவதற்குள் அவன் குந்தி உட்கார்ந்து, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்திருந்தான். ஈரக்கையைப் பெயிண்டின் மேல் வைக்கக் கூச்சப்பட்டுக் கதவின் உள்விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பி வந்தபோது அவன் துடைப்பதை நிறுத்தியிருந்தான். கட்டைவிரல் கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே, கீலின் மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கண்களை மூடியிருந்தான்.

“என்னாச்சு மாமா?”

“இது எங்களுது,” என்றான்.

பச்சைப் பெயிண்டுக்கு அடியில் மூன்று எழுத்துகளும், ஒரு சின்ன வட்டமும், வட்டத்துக்குள் புள்ளிகளும் மேடாக இருந்தன. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தெரியும். எந்த மாதம் செய்தது என்பதற்கான புள்ளிகள் அவை. முந்தின வருடம் ஆடி மாதம், என்றான். அவனுடைய ஆலையில் ஒரு லைனிலிருந்து ஏற்றுமதிக்குப் பெட்டிகள் போகும். பெட்டியின் மேல் வெறும் எண்கள்தான் இருக்கும். எந்த ஊருக்கு, எந்தக் காருக்கு என்று யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

அவன் எழுந்து அடுத்த காரின் கதவைத் திறந்து தொட்டுப் பார்த்தான். அதற்கடுத்ததையும். அவள் கூடவே போனாள். மழை லேசாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கதவும் சத்தமில்லாமல் திறந்தது, சத்தமில்லாமல் மூடியது. கப்பலேறிக் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, ஓசூருக்கு இவ்வளவு பக்கத்தில், வந்ததாகக் கணக்கில் இல்லாமல் இத்தனை கீல்கள் நின்றுகொண்டிருந்தன. அவன் முகத்தில் சந்தோஷமா வருத்தமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தூங்கி எழுந்த பிள்ளை, இது எந்த இடம் என்று பார்ப்பதுபோல இருந்தான்.

அன்று நடந்ததை வெளியே சொல்வதில்லை என்று மூவரும் முடிவு செய்தார்கள். மாதையன் பதிவேட்டில் மழைநீர் புகுந்தது, அப்புறப்படுத்தப்பட்டது என்று மட்டும் எழுதினார்.

பொங்கல் கழிந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிறது என்று செய்திகள் வரத் தொடங்கின. சங்கம் தருமபுரியில் ஆர்ப்பாட்டத்துக்கு நாள் குறித்தது. முந்நூறு பேர் வந்திருந்தார்கள். ஐந்தாவதாகக் கலைவாணன் பேச வேண்டும். எழுதி வைத்த தாள் சட்டைப்பையில் இருந்தது. தேவிப்பிரியாதான் முந்தினநாள் படித்துப் பார்த்து இரண்டு எழுத்துப்பிழை திருத்தினாள். மைக் முன்னால் போய் நின்றவன் தாளை எடுக்கவில்லை.

“கார்த்திகை மழையில ஒரு பாரின் கார் கதவைத் தொட்டுப் பாத்தேன்,” என்று ஆரம்பித்தான். “அதுல இருந்த கீலு நாம செஞ்சது. என் ஷிப்டுல செஞ்சதாக்கூட இருக்கலாம். அந்தக் காரு உள்ள வரக் கூடாதுன்னு சொல்லத்தான் இங்க நிக்கிறேன். அது வரலைன்னா அந்த எக்ஸ்போர்ட் லைன்ல நிக்கிறவன் என்னா பண்ணுவான்? வந்துச்சுன்னா இந்த லோக்கல் லைன்ல நிக்கிறவன் என்னா பண்ணுவான்? எனக்குத் தெரியலைங்க. டெல்லியில பேசறவங்களுக்காவது இந்தக் கீலு யாரு செஞ்சதுன்னு தெரியணும். அவ்வளவுதான்.”

பின்வரிசையில் சிலர் மட்டும் கைதட்டினார்கள். சங்கச் செயலாளர் மைக்கை வாங்கி, தோழர் சொல்வது நம் உழைப்பின் பெருமையைத்தான் என்று சமாளித்துவிட்டு முழக்கத்தைத் தொடங்கினார்.

யாரோ அதைப் போனில் எடுத்திருந்தார்கள். இரண்டு நாளில் அது மாவட்டம் முழுக்கச் சுற்றி, பெங்களூருக்கும் போயிற்று. மூன்றாம் நாள் அறிவழகன் தேவிப்பிரியாவைக் கூப்பிட்டு, உன் வீட்டுக்காரர் எந்தக் காரைத் தொட்டார் என்று கேட்டார்.

விசாரணைக்குச் சசிகலா வருவதாக இருந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் கலைவாணன் சமையலறை வாசலில் வந்து நின்றான். தான் சொன்னதெல்லாம் மேடைக்காகக் கட்டிய கதை என்று எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். சங்கத்தில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “பேசறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேக்கணும்னு தோணல. அங்க நின்னதும் அதுதான் வாயில வந்துச்சு.”

“கோபம் இருக்குது மாமா. அது போக நாளாகும்,” என்றாள். “ஆனா பாத்ததைப் பாக்கலைன்னு எழுதிக் குடுக்காதீங்க. அப்புறம் அந்தக் கூடத்துல நடந்தது எல்லாமே கனவுன்னு ஆயிடும்.”

மறுநாள் அதிகாரி கேட்டபோது அவளே சொன்னாள். கணவனைக் கூப்பிட்டது தான்தான், மாதையனுக்கு இதில் பங்கில்லை என்றாள். சசிகலா கார்களை எண்ணினார். முப்பத்தெட்டு. பின்சுவரில் தண்ணீர் நின்ற செங்கோடு முழங்கால் உயரத்தில் காய்ந்திருந்தது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“நீங்க கூப்பிடாம இருந்திருந்தா எத்தனை வண்டி தண்ணியில நின்னிருக்கும்?”

“பதினாலு மேடம்.”

சசிகலா அதையும் எழுதிக்கொண்டார். கம்பெனியை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். ஆனால் கம்பெனி தேவிப்பிரியாவை அந்த வாரமே நிறுத்திவிட்டது. அதே வாரம் டெல்லியில் ஒப்பந்தம் முடிந்ததாக அறிவிப்பு வந்தது. முனியப்பன் கூழ் ஆலை கேட்டில் இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றாராம். மாதையன் போனில் சொன்னார். ஆனால் அறிவிப்பு வேறு, நடைமுறை வேறு என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஒப்புதல் வாங்க வேண்டும், ஒரு வருடமாவது ஆகும், அதிலும் வருடத்துக்கு இத்தனை கார்தான் என்று எண்ணிக்கை உண்டு. கார்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்த மாதங்கள் மெதுவாகப் போயின. கலைவாணனைச் சங்கக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பங்குனியில் அவனுடைய ஆலை உள்ளூர் லைனில் ஒரு ஷிப்டைக் குறைத்து ஏற்றுமதி லைனில் ஒரு ஷிப்டைக் கூட்டியது. அவனை அங்கே மாற்றினார்கள். அதை நல்லதென்று எடுத்துக்கொள்வதா கெட்டதென்று எடுத்துக்கொள்வதா என்று ஆலையில் யாருக்கும் தெரியவில்லை. தேவிப்பிரியா வீட்டில் இருந்தாள். காலையில் துணி காயப்போடும்போது, அங்கே இப்போது ஏழு மணி என்று நினைவு வரும். சில மதியங்களில் வெறும் தரையில் படுத்து, கண்ணை மூடி, இருபத்தோராம் காரின் கதவைச் சாத்தினால் வருகிற அமைதிக்காகக் காத்திருப்பாள். கணவனோடு பேச்சு குறைந்திருந்தது. கோபம் ஒருநாளில் போகவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, பானையில் தண்ணீர் வற்றுவதுபோலப் போயிற்று.

வைகாசியில் அறிவழகனே போன் செய்தார். கிடங்கில் வைத்திருக்க ஒரு வருடத் தவணை முடிகிறது. இந்த வரிக்கு எடுத்தால் விற்க முடியாது. அடுத்த வருடம்வரை வைக்கவும் முடியாது. எல்லாக் கார்களையும் வரி கட்டாமலே வேறு நாட்டுக்குத் திருப்பி அனுப்ப முடிவாகியிருக்கிறது. அவளுக்குப் பதிலாக வைத்த ஆள் சரியாகப் பார்க்கவில்லை. இருபத்தேழு கார்கள் கிளம்பவே மாட்டேன் என்கின்றன. இரண்டு நாள் வந்து எழுப்பிக் கொடுக்க முடியுமா?

அவள் கணவனிடம் கேட்டாள். அவன், “போய்ட்டு வா,” என்றான். பிறகு, இரண்டாம் நாள் லீவு போட்டு மதியச் சாப்பாடு கொண்டு வருவதாகச் சொன்னான்.

கூடத்தில் மாம்பழ வாசனை முகத்தில் அடித்தது. வெளியே சீசன். சாலையெல்லாம் மாங்காய் லாரிகள். உள்ளே தூசி படிந்த உறைகளுக்குள் கார்கள் தூங்கின. அவள் ஒவ்வொன்றாகப் பேட்டரி ஏற்றி, காற்று அடித்து, சாவியைத் தொட்டுக் காத்திருந்தாள். சில உடனே விழித்தன. சில முனகின. கரும்பச்சைக் கார்தான் கடைசியாக, முதல் நாள் மாலையில், எழுந்தது.

இரண்டாம் நாள் காலை ஏழு டிரெய்லர்கள் வந்து முற்றத்தில் நின்றன. சசிகலா மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார். தேவிப்பிரியா ஒவ்வொரு காராகக் கூடத்திலிருந்து வெளியே ஓட்டி வந்தாள். டயருக்கடியில் முதன்முதலாகச் சரளைக்கல் நொறுங்கியது. இத்தனை நாள் பால்வெளிச்சத்திலேயே பார்த்திருந்த நிறங்கள் வெயிலில் வேறாக இருந்தன. கறுப்பென்று நினைத்திருந்தது கருநீலம். சாம்பலென்று நினைத்திருந்ததில் தங்கத் துகள் மின்னியது.

கேட்டுக்கு வெளியே வேலியோரம் கலைவாணன் தூக்குப்பாத்திரத்தோடு நின்றான். சற்று நேரத்தில் முனியப்பனும் வந்தார். பைக்கில் வரவில்லை; சித்திரையில் எடுத்ததாகச் சொல்லி, இந்தியாவிலேயே செய்த ஒரு பெரிய வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். இருவரும் ஒருவரையொருவர் முன்பின் பார்த்ததில்லை. ஆனாலும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டார்கள். தன் புதுக் காரின் கதவைத் திறந்து காட்டி முனியப்பன் ஏதோ கேட்டார். கலைவாணன் குனிந்து பார்த்துவிட்டு, இது எங்களுடையது இல்லை, பக்கத்து ஆலைக்காரர்களுடையது, நன்றாகவே செய்திருக்கிறார்கள் என்றான்.

முப்பத்தேழு கார்கள் ஏறிவிட்டன. கரும்பச்சைக் காரை அவள் வெளியே கொண்டுவந்தபோது டிரெய்லரின் சாய்பலகை நேராக முன்னால் இருந்தது. அவள் அதற்குப் போகவில்லை. ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பி, முற்றத்தின் ஓரமாக, பழைய மாங்கொட்டைக் குழியைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, வேலியையொட்டி ஒரு முழு வட்டம் ஓட்டினாள். வேகமில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கியிருந்தாள். முனியப்பன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கலைவாணனைக் கடக்கும்போது அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். வெகு நாளைக்குப் பிறகு அப்படிப் பார்த்தாள். அறிவழகன் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு போனைப் பார்க்கத் தொடங்கினார். சசிகலா பேனாவை மூடாமல் காத்திருந்தார். வட்டம் முடிந்ததும் கார் சாய்பலகையில் ஏறியது.

“நல்ல வண்டி,” என்று வேலிக்கு அந்தப் பக்கம் முனியப்பன் சொன்னார்.

டிரெய்லர்கள் சென்னைப் பக்கம் திரும்பிப் போனபிறகு இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாலக்கோட்டில் ஒரு டிராக்டர் சர்வீஸ் நிலையத்தில் ஆள் எடுக்கிறார்களாம், முனியப்பன் சொல்லி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்று அவன் சொன்னான். அவள் தலையாட்டினாள். டிராக்டரில் கதவே கிடையாதே என்றாள். அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

நெடுஞ்சாலைக்கு நடந்து வந்து, கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸில் ஏறினார்கள். மதிய வெயிலில் பஸ் பாதி காலியாக இருந்தது. இரண்டு நாள் அசதியில், பஸ் நகர்ந்த இரண்டாவது நிமிடமே தேவிப்பிரியா அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் விரல்களில் கிரீஸ் காய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கலைவாணன் அசையாமல் உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகளும் கல்குவாரிகளும் தென்னைகளும் ஒன்றோடொன்று கரைந்து ஓடின.

காரிமங்கலம் வந்தது. அவர்கள் இறங்க வேண்டிய இடம். நடத்துநர் விசிலை வாயில் வைத்தபடி அவனைத் திரும்பிப் பார்த்தார். கலைவாணன் தோளை அசைக்காமல், ஒரு கையால் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினான். “தருமபுரி ரெண்டு,” என்றான், மெதுவாக.